பதிவுக்கு முன் பெயர்ப்பிழையைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்தை மனதார வரவேற்கிறேன். டிஜிட்டல் ஆவணத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்: இலத்திரனியல் கடவுச்சீட்டின் சில்லில் (சிப்) நம் படமும் விபரமும், கடவுச்சீட்டை வழங்கும் நாட்டின் டிஜிட்டல் கையொப்பத்தோடு பதிவாகின்றன. பிறகு யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் பரிசோதிக்கும் கருவி கண்டுபிடித்துவிடும். ஆனால் பதியும்போதே பெயர் பிழைத்திருந்தால், அந்தப் பிழைக்கும் அதே கையொப்பம்தான்.

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொன்று. திருத்துவதற்கு நான்கு தடவை வேலையை விட்டு பஸ் ஏறினார். நான்கு நாள் சம்பளம் போனது. விரல் ரேகையும் தேய்ந்துவிட்டது. என் கைபேசிகூட அவர் விரலை ஏற்பதில்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள் எங்கள் மலையகத் தமிழ் மக்கள். பலர் அதைத் திரும்பப் பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருந்தார்கள். ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நிற்பது என்னவென்று எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே, பதிவு தொடங்குமுன் நடமாடும் சேவையைத் தோட்டங்களுக்கே கொண்டுவாருங்கள். தமிழ் தெரிந்த அலுவலர்கள் வரட்டும். விரல் பதியாதவர்களைத் திருப்பி அனுப்பாமல் முகத்தையோ கருவிழியையோ பதிவுசெய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் நடத்தினால் யாருடைய சம்பளமும் போகாது.

தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்,
ஹட்டன்.