அந்த நீலத்தைத் துடைத்துவிடாதே

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படத்தை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 1881-இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்த மோர்கன் டாலர், அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலர். முதன்முதலாக வாங்கும்போதே நல்ல காசாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய். அந்த வருஷத்து சான் பிரான்சிஸ்கோ காசுகள் அச்சு ஆழமாக விழுந்து, பளிச்சென்று இருக்கும் என்று பெயர் பெற்றவை.

"காசோட தரத்தைப் பார்த்து எண் போடுற கிரேடிங்குக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, வெள்ளி கழுவுற திரவத்துல ஒரு முக்கு முக்கி எடுத்தா வெள்ளையா ஆயிடுமாம்மா?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம் கண்ணு. அதற்காகத்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

காசின் மேல் ஏறியிருக்கிற அந்த நீல நிறம் அழுக்கு இல்லை. மோர்கன் டாலரில் நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி, மீதி செம்பு. காற்றிலும் துணியிலும் காகிதத்திலும் இருக்கிற கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலமாகிறது. மழை பெய்த ரோட்டில் பெட்ரோல் சொட்டினால் வானவில் தெரியுமே, அதே கதைதான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் அரக்கு, கத்தரிப்பூ, நீலம், மயில்கழுத்து. விட்டுவிட்டால் கடைசியில் கறுப்பு. திரவத்தில் முக்கினால் அந்தப் படலத்தோடு வெள்ளியின் மேல்தோலும் கொஞ்சம் கரைந்து போகும். போனது திரும்பாது.

உன் காசின் முகத்தில், கன்னத்துப் பக்கம், குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய நெசவுத் தடம் தெரிகிறதே, கவனித்தாயா? அது கோணிப்பை போன்ற முரட்டுத் துணியின் தடம். இந்த டாலர்களை அந்தக் காலத்தில் ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பையில் கட்டி அரசாங்கப் பெட்டகத்தில் போட்டுவிட்டார்கள். பல பைகள் 1960-களில்தான் வெளியே வந்தன. அத்தனை வருஷமும் துணியை ஒட்டிக் கிடந்த காசுக்குத்தான் இந்த நிறம். கீழ் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெள்ளை விட்டுப்போயிருக்கிறது பார், அங்கே இன்னொரு காசு மேலே படுத்திருந்திருக்கிறது. இதைப் போய் கழுவச் சொல்வேனா?

நான் கழுவியிருக்கிறேன், கயல். உன் அம்மாச்சி என் கல்யாணத்துக்குக் கொடுத்த 1893-ஆம் வருஷத்து விக்டோரியா ரூபாய் உனக்கு நினைவிருக்கும். அவர்கள் அதைச் சுருக்குப்பையில் வைத்திருந்தார்கள். ஓரம் முழுக்க நீலமும் கத்தரிப்பூவும் வளையமாக ஏறியிருந்தது. வரலட்சுமி நோன்புக்கு முதல் நாள், குத்துவிளக்கைத் தேய்த்த கையோடு அதையும் விபூதி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பல வருஷம் கழித்து ஒரு நாணயக் கண்காட்சியில் ஒரு பெரியவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "கழுவின காசும்மா" என்று திருப்பிக் கொடுத்தார். நானும் லென்ஸில் பார்த்தேன். ராணியின் கன்னத்தில் தலைமுடி மாதிரி நூறு கீறல். என் அம்மா தொட்டுத் தொட்டு வைத்திருந்ததை ஒரு சிட்டிகை விபூதியால் அழித்துவிட்டேன் என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

சரி, கிரேடிங். காசுக்குத் தரம் போடுகிற அமெரிக்க நிறுவனங்களில் பிசிஜிஎஸ்ஸோ என்ஜிசியோ, எங்கே வேண்டுமானாலும் அனுப்பு. ஒன்றிலிருந்து எழுபது வரை எண் போடுவார்கள். புழங்காத காசு அறுபதிலிருந்து ஆரம்பிக்கும். கழுவியது, செயற்கையாக நிறம் ஏற்றியது என்று தெரிந்தால் பெரும்பாலும் எண்ணே கொடுக்காமல், அசல்தான், ஆனால் குறை உண்டு என்று எழுதி அடைத்து அனுப்பிவிடுவார்கள். என்ஜிசி, கண்ணுக்கு விசேஷமான காசுக்கு எண்ணோடு ஒரு நட்சத்திரமும் போடும். ஒரே எண் வாங்கிய இரண்டு காசு ஒரே அழகு இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஆனால் அனுப்புவதற்கு முன்னால் நீயே பார்க்கக் கற்றுக்கொள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு விளக்குக்குக் கீழே மெதுவாகத் திருப்பு. வண்டிச் சக்கரத்து ஆரம் மாதிரி ஒளி சுற்றி வர வேண்டும். நிறம் அந்த ஒளியை மூடாமல், அதோடு சேர்ந்து மின்ன வேண்டும். நிறங்கள் நான் சொன்ன வரிசையில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகிறதா என்று பார். மஞ்சளிலிருந்து கத்தரிப்பூவே இல்லாமல் நேராக நீலத்துக்குத் தாவினால் சந்தேகப்படு. சூடுபடுத்தியும் கந்தகம் தடவியும் நிறம் ஏற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதிக விலை கொடுத்து வாங்குவதாக இருந்தால், ஏற்கெனவே கிரேடிங் ஆனதையே வாங்கு.

அப்புறம், அம்மாச்சியின் மற்ற ரூபாய்களையும் அங்கே அனுப்பிவை, சேர்த்துக் கிரேடிங் செய்துவிடலாம் என்றாயே, அது முடியாது. நூறு வருஷம் தாண்டிய காசு 1972-ஆம் வருஷத்து இந்தியச் சட்டப்படி தொல்பொருள். நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. எட்வர்டு ராஜா ரூபாய் ஏழும், ஜார்ஜ் ராஜா ரூபாய் நான்கும் காகித உறையில் போட்டு என் பீரோவில் இருக்கின்றன. விபூதி படவில்லை. நீ வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்ப்போம்.

நாளைக்கு அந்த டாலரைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. கழுகு இருக்கிற பின்பக்கத்தை நீ இன்னும் காட்டவே இல்லை.

அன்புடன்,
அம்மா