முதலில் விற்றுவிடு, வசந்தி

அன்புள்ள வசந்தி,

உன் வீட்டுக்கார அண்ணனுக்கு முட்டி வலி மாடிப்படி ஏற முடியாத அளவுக்கு முற்றிவிட்டது என்று எழுதியிருந்தாய். படித்ததும் சங்கடமாக இருந்தது. திருச்சி வீட்டை விற்றுவிட்டு, பையன் இருக்கும் தாம்பரம் பக்கம் லிஃப்ட் உள்ள ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நீங்கள் எடுத்த முடிவு சரியானதுதான். ஆனால் அதை எப்படிச் செய்வது என்பதில் நீ எழுதியிருக்கும் வரிசை எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணனும் நிதானமாகப் படிக்கட்டும்.

விலை இன்னும் ஏறுமா, இறங்குமா என்று கேட்டிருக்கிறாய். பஞ்சப்பூருக்குப் பேருந்து முனையம் வந்துவிட்டது, விமான நிலையத்தில் புது முனையமும் திறந்தாயிற்று, ஒரு வருடம் பொறுத்தால் உங்கள் கே.கே.நகரில் நல்ல விலை வரும் என்று உங்கள் புரோக்கர் சொல்கிறாராம். வரலாம். ஆனால் நீ விற்க மட்டும் போகவில்லை, வாங்கவும் போகிறாய். உனக்கு நல்ல விலை வரும் காலத்தில் தாம்பரத்தில் விற்பவரும் விலையை ஏற்றித்தான் வைத்திருப்பார். வீட்டுக்கடன் வட்டி இரண்டு ஊருக்கும் ஒன்றுதானே. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டியை, 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. 2025இல் படிப்படியாகக் குறைத்து, அந்த டிசம்பரில் 5.25க்குக் கொண்டுவந்தது. ஏறினபோது வாங்குபவர்கள் எல்லா ஊரிலும் தயங்கினார்கள், இறங்கினபோது எல்லா ஊரிலும் தைரியமாக வந்தார்கள். 50 லட்சம் கடன், 20 வருடம் என்றால், வட்டி 9 சதவீதமாக இருக்கும்போது மாதத் தவணை ஏறக்குறைய 45,000. 8 சதவீதம் ஆனால் 42,000க்குக் கொஞ்சம் கீழே. இந்த மூவாயிரத்தை வைத்துத்தான் பல குடும்பங்கள் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கின்றன. வங்கியில் கடன் பிரிவில் இருந்த காலம் முழுக்க இதைத்தான் பார்த்தேன்.

ஆகவே விலை எந்தப் பக்கம் போகிறது என்பதை விட, விற்பதற்கும் வாங்குவதற்கும் நடுவில் உன் நிலை என்ன என்பதைத்தான் நீ யோசிக்க வேண்டும். நீ எழுதியிருக்கும் திட்டம் என்ன? முதலில் இங்கே தாம்பரம் பக்கம் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது, மூன்று மாதத்துக்குள் திருச்சி வீட்டை விற்று மீதியைக் கட்டுவது. வேண்டவே வேண்டாம் வசந்தி. கெடு நெருங்க நெருங்க, வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாகிவிடும். இப்படிக் கெடுவுக்குள் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த ஒரு தம்பதியை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு பேருமே ஆசிரியர்கள். கடைசியில் அட்வான்ஸ் போய்விடுமே என்ற பயத்தில் வீட்டை வாங்க வந்தவர் கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அவசரம் என்பது வாங்க வந்தவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

முதலில் விற்றுவிடு. பணம் கைக்கு வரட்டும். அப்புறம் தாம்பரம் பக்கம் லிஃப்ட் உள்ள வாடகை வீட்டுக்கு வந்து, ஒரு மழைக்காலம் இருந்து பார்த்துவிட்டு வாங்கு. இரண்டு தடவை சாமான் ஏற்றி இறக்க வேண்டுமே என்று அண்ணன் சொல்வார். அந்தச் செலவு பெரிதில்லை.

அரசாங்கமே இதற்கு அவகாசம் தருகிறது. விற்றதில் வரும் லாபத்தை, அதாவது மூலதன ஆதாயத்தை, விற்ற நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கப் போட்டால், போட்ட அளவுக்கு வரி கிடையாது. கட்டுவதானால் மூன்று வருடம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள், செலவழிக்காத பணத்தை வங்கியில் இதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிட வேண்டும். சாதாரண எஃப்.டி.யில் போட்டால் சலுகை கிடைக்காது, இதை மறக்காதே. மீதி ஆதாயத்தில் 50 லட்சம் வரைக்கும் ஆறு மாதத்துக்குள் அதற்கென்று உள்ள பத்திரங்களில் போடலாம். ஐந்து வருடம் எடுக்க முடியாது.

வரியே எவ்வளவு என்பதற்கும் இப்போது இரண்டு வழி இருக்கிறது. 2024 ஜூலை 23க்கு முன் கைக்கு வந்த சொத்து என்பதால், பணவீக்கக் கணக்கு இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது பணவீக்கத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம், எது குறைவோ அது. பழைய வீடு என்பதால் வாங்கிய விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்; அது என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2025–26க்கான பணவீக்கக் குறியீடு 376, அதாவது பழைய வழியில் 2001 மதிப்பை 3.76 மடங்காக்கிக் கழிக்கலாம். 1 கோடியே 20 லட்சத்துக்கு விற்று, 2001 மதிப்பு 10 லட்சம் என்று வைத்தால் புதிய வழியில் 13.75 லட்சம் வரி, பழைய வழியில் ஏறக்குறைய 16.5 லட்சம். அதே 2001 மதிப்பு 20 லட்சம் என்றால் புதிய வழியில் 12.5 லட்சம், பழைய வழியில் 9 லட்சத்துக்கும் குறைவு. பார்த்தாயா, எவ்வளவு வித்தியாசம்! அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001 மதிப்பைக் கேட்டு எழுதி வாங்கு. பத்திரப் பதிவுக்கு அரசு அன்று வைத்திருந்த வழிகாட்டி மதிப்பை அது தாண்டக் கூடாது. ஆடிட்டரிடம் இரண்டு வழியிலும் கணக்குப் போடச் சொல்.

சரி, விற்பதற்கு வருவோம். புரோக்கரிடம் சொல்வதற்கு முன்னால் முடிக்க வேண்டியவை இருக்கின்றன. மனை உன் மாமனார் பெயரில் வாங்கியது, அவர் உயில் எழுதவில்லை. அப்படியென்றால் உன் நாத்தனார்கள் இருவருக்கும் அதில் பங்கு உண்டு. அவர்கள் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று நீ எழுதியிருப்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் வாங்குபவரின் வக்கீலுக்குக் கையெழுத்து வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, இருவரிடமும் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடு. அவர்களுக்கு ஏதாவது கொடுப்பதாக இருந்தால் இப்போதே பேசிக் கொடுத்துவிடுங்கள். ஒரு கோடி ரூபாய் பேச்சு நடக்கும்போது மனசு மாறுவது பெரிய பாவம் ஒன்றும் இல்லை, மனித இயல்பு. அண்ணனுக்கும் அவருடைய தங்கைகளுக்கும் நடுவில் இந்த வீடு வந்து நிற்கக் கூடாது.

அடுத்தது அந்த மாடி அறை. அதற்கு வரைபட அனுமதி வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வாங்க வருபவர் கடனில்தான் வருவார். வங்கியின் மதிப்பீட்டாளர் அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பார், அதில் இல்லாத அறைக்கு மதிப்பே போடாமல் விடலாம். 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு வங்கி மதிப்பில் 75 சதவீதம்தான் தரும், பத்திரச் செலவு அதில் சேராது. 1 கோடியே 20 லட்சம் என்றால் வாங்குபவர் 30 லட்சமும், முத்திரைத்தாள் 7, பதிவுக்கட்டணம் 2 என்று 9 சதவீதமும் சேர்த்து 40 லட்சத்துக்கு மேல் கையிலிருந்து எடுக்க வேண்டும். மதிப்பீடு குறைந்தால் அந்தத் தொகை இன்னும் ஏறும். அவர் பேரம் பேசுவது உன்னை அவமதிக்க அல்ல, இந்தக் கணக்குத்தான். மாடி அறையைப் பற்றி முதலிலேயே சொல்லி விலை பேசு. பாதியில் தெரியவந்தால் மொத்த வீட்டின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

விலை வைப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். விளம்பரத்தில் போடுவது கேட்கும் விலை, கிடைத்த விலை அல்ல. பதிவுத்துறை இணையதளத்தில் உன் தெருவில் அண்மையில் கைமாறிய வீட்டின் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கச் சான்றைப் பார். அதில் கைமாற்றுத் தொகை என்று ஒரு இடம் இருக்கும். சிலர் குறைத்துப் பதிந்திருப்பார்கள். ஆனால் அதே சான்றில் வங்கிக்கு அடமானம் வைத்த பதிவும் இருந்தால், அந்தத் தொகை பெரும்பாலும் உண்மைக்கு அருகில் இருக்கும். அந்தத் தெருவில் ஜனங்கள் உண்மையில் என்ன கொடுத்தார்கள் என்பது அங்கேதான் தெரியும். வழிகாட்டி மதிப்பை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதே. 2017இல் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023இல் பழைய அளவுக்குத் திருப்பினார்கள், 2024 ஜூலையில் மறுபடி மாற்றினார்கள். அது அரசாங்கம் கட்டணம் வாங்குவதற்கான கணக்கு.

பாதி வெள்ளை, பாதி ரொக்கம் என்று யாராவது கேட்டால் அப்போதே பேச்சை நிறுத்திவிடு. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம். அது மட்டுமில்லை, அந்த ரொக்கத்தைக் கொண்டு நீ இங்கே ஃபிளாட் எப்படி வாங்குவாய்? வரிச் சலுகையும் கிடைக்காது. வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு கொடுப்பார், அது முறைதான். பதிவு முடிந்து இரண்டு மாதம் அந்த வீட்டிலேயே இருக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்.

இங்கே நீ கேட்ட பக்கமெல்லாம் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்ததிலிருந்து பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் கட்டடம் மேல் கட்டடமாக எழும்புகிறது. போன வாரம் முடிச்சூர் சாலையை ஒட்டி ஒரு ஃபிளாட் பார்த்தேன். உள்ளே எல்லாம் பளிச்சென்று இருந்தது. விற்பனைக்கு நின்ற பையன், கடைசி இரண்டு வீடுதான் இருக்கிறது, ஆடி முடிந்ததும் விலை ஏறும் என்றான். நான் வெளியே வந்து தெருவைப் பார்த்தேன். பழைய வீடுகளின் வாசற்படி தெரு மட்டத்துக்குக் கீழே இருந்தது. புதிதாகக் கட்டியவர்கள் தரையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மரை உயரமான மேடையில் ஏற்றி வைத்திருந்தார்கள். மூலையில் இஸ்திரி போடும் அம்மாவிடம் 2015 வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். தள்ளுவண்டியின் மேல் கையை வைத்து, "இதுக்கு மேல தண்ணி, படகுல வந்து கூட்டிட்டுப் போனாங்க" என்றார். அந்தப் பையனிடம் நான் எத்தனை கேள்வி கேட்டிருந்தாலும் இந்தப் பதில் வந்திருக்காது. மழைக்காலம் முழுக்க இங்கே இருந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். சித்திரையில் வந்தால் தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு எத்தனை தடவை வருகிறது என்பதும் தெரியும். 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது சென்னை பட்ட பாடு உனக்குத் தெரியும்.

ஃபிளாட்டில் சமையலறை டைல்ஸைப் பார்ப்பதற்கு முன் பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உனக்கு வரும் பங்கு, எத்தனை சதுர அடி என்று கேள். கட்டடம் பழசாகப் பழசாக அதன் மதிப்பு குறையும், நிலத்துக்குத்தான் விலை நிற்கும். மாடிகள் அதிகமாக ஆக உன் பங்கு சுருங்கும். உயரமில்லாத கட்டடங்களுக்கு நிலப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட அனுமதி, உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25 மடங்கு. 1,000 சதுர அடி வீட்டுக்கு 500 பங்கு கிடைப்பதற்கும் 300 கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

உனக்கு என் யோசனை, கட்டிக்கொண்டிருக்கும் வீடு வேண்டாம். நிறைவுச் சான்றிதழ் வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கட்டுமானத்தில் இருப்பதற்கு பொதுவாக 5 சதவீதம். அண்ணன் முட்டியோடு எத்தனை வருடம் காத்திருப்பார்? அப்படியும் புதியதுதான் பிடிக்கிறது என்றால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் அந்தத் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டுப் பார். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கவே கூடாது. விலையைக் கார்ப்பெட் ஏரியாவுக்கு, அதாவது வீட்டுக்குள் உண்மையில் புழங்கும் பரப்புக்கு, வகுத்துப் பார், அவர்கள் சொல்லும் சதுர அடி விலை எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். கரண்ட் போனால் லிஃப்ட் ஓடுமா என்று கட்டாயம் கேள். நீங்கள் வருவதே அதற்காகத்தான்.

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். சாந்தாவைப் போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், உன்னைத்தான் முதலில் விசாரித்தாள். இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்து நன்றாகப் பார்க்கிறாளாம். என் மருமகளுக்கு வேலை மறுபடி ஆபீஸுக்கே போகும்படி ஆகிவிட்டது, பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது இப்போது என் பொறுப்பு. மாலையில் நீயும் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஆசைக்காக உன்னை அவசரப்படுத்தமாட்டேன்.

மாமனார் பெயரில் உள்ள கிரயப் பத்திரம், பட்டா, வரைபட அனுமதி, கடைசி சொத்து வரி ரசீது, நான்கையும் போட்டோ எடுத்து அனுப்பு. வங்கி என்ன கேட்கும் என்று பார்த்துச் சொல்கிறேன். நாத்தனார்களிடம் நீ பேசாதே, அண்ணனையே பேசச் சொல். வாடகைக்கு இரண்டு இடம் விசாரித்து வைத்திருக்கிறேன், இரண்டிலும் லிஃப்டும் ஜெனரேட்டரும் உண்டு. விலை பேசி முடிந்ததும் சொல், அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்து வைக்கிறேன்.

அன்புடன்,
மல்லிகா