பூச்சி இருந்தால் ஆறு கெட்டதென்று யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் நொய்யல் ஆறு பற்றிய செய்தியில், "தண்ணீரில் பூச்சிகள் நெளிவதே ஆறு சீரழிந்துவிட்டதற்குச் சாட்சி" என்று எழுதியிருந்தீர்கள். 26 ஆண்டுகளாகத் தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அந்த வரி என்னைப் புண்படுத்திவிட்டது.

பள்ளியில் விலங்கியல் கற்பித்த காலத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகளை மலையடிவாரத்துச் சாடிவயலுக்கு அழைத்துப் போவேன். ஓடும் நீரில் கிடக்கும் கல்லைப் புரட்டி, வெள்ளைத் தட்டில் கழுவினால், மூன்று வால் இழைகளோடு, மேஃப்ளை என்ற பறக்கும் பூச்சியின் நீரில் வாழும் இளம்பூச்சி ஓடும். அதன் வயிற்றின் இருபுறமும் செவுள்கள் இலைபோலத் துடித்துக்கொண்டிருக்கும். மணலை ஒட்டிக் கூடு கட்டி, அதற்குள் வாழும் காடிஸ் என்ற பூச்சியின் புழுவும் அங்கே உண்டு. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் முதலில் மடிகிறவற்றில் இவையும் சேர்த்தி. ஊரைத் தாண்டி, சாக்கடை கலக்கும் இடத்தில் சேற்றை அள்ளினால் ரத்தச் சிவப்பில் நெளியும் புழுக்கள் மட்டுமே கிடைக்கும். ஹீமோகுளோபின் இருப்பதால் மூச்சுமுட்டும் நீரிலும் அவை பிழைத்துக்கொள்கின்றன. இரண்டையும் 'பூச்சி' என்ற ஒரே சொல்லில் அடைக்கலாமா?

நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், ஆற்றைக் கெடுத்ததால் 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் தாங்கள் அறியாததல்ல. ஆனாலும் நுரை பொங்கினால்தான் நொய்யல் செய்தியாகிறது. சோதனைக்காகப் பாட்டிலில் பிடித்த தண்ணீர், பிடித்த அந்த நேரத்தை மட்டுமே சொல்லும். இரவில் திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் கடந்துவிடும். மாதக்கணக்கில் கல்லடியில் கிடக்கும் பூச்சிதான் அதை அனுபவிக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே இந்த உயிரினங்களைக் கொண்டு நீரின் தரம் பிரிக்கும் முறையை வகுத்திருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் மூன்று ஆண்டு எழுதிய பதிவேட்டோடு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, "பூச்சி பிடிப்பதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு இருக்கட்டும்" என்று திருப்பி அனுப்பினார்கள். பதிவேட்டை மார்போடு அணைத்தபடி ஒரு மாணவி படியிறங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. அப்போதே தங்களுக்கு எழுதினேன். கடிதம் வெளியாகவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் பகுதி வாய்க்காலில் கொசு மருந்து அடித்தார்கள். கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும் தட்டானின் இளம்பூச்சிகளும் செத்துக் கரையொதுங்கின. கேட்க ஒருவரும் இல்லை.

பெரிதாக எதையும் கேட்கவில்லை, ஐயா. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். சிறுவர் பக்கத்தில் மேஃப்ளை இளம்பூச்சியின் படம் ஒன்று, தபால்தலை அளவில் இருந்தாலும் போதும். படம் என்னிடம் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்