மலையில் கணினி வியர்க்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தின் கேள்வி-பதில் பகுதியில், ஊட்டி வாசகர் ஒருவர் தன் கணினிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் (சூடாகும் பாகங்களின் மேல் குழாயில் தண்ணீர் ஓடவிடும் ஏற்பாடு) பொருத்தலாமா என்று கேட்டிருந்தார். ‘மலையில் ஏற்கெனவே குளிர், அதனால் தேவையில்லை, மூடுபனி வேறு இருப்பதால் குழாய்கள் வியர்த்துப் கணினியின் மதர்போர்டில் சொட்டும்’ என்று பதில் இரண்டே வரியில் முடிந்திருந்தது. முதல் வரி தப்பு. இரண்டாவது வரி ஒரே ஓர் இடத்தில் மட்டும் சரி. அந்த இடத்தில் நானே போய் விழ இருந்தவன் என்பதால் இந்தக் கடிதம்.

நான் குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருடம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கணினி எனக்குத் தெரியாது. குழாய், பம்ப், தகடு தெரியும். என் மகள் வீட்டிலிருந்தே அனிமேஷன் வேலை செய்கிறாள். அவளுடைய பெட்டியில் ரைசன் 9 5900எக்ஸ் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு. முழு வேகத்தில் ஓடும்போது முதலாவது 142 வாட், இரண்டாவது 220 வாட் இழுக்கும் என்று அவள் சொன்னாள். கூட்டினால் 362. ஒரு 750 வாட் இஸ்திரிப் பெட்டியில் கிட்டத்தட்ட பாதி, இரவெல்லாம் அணையாமல் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ரெண்டரிங் (காட்சிகளைக் கணினியே ஒவ்வொரு படமாக வரைந்து முடிக்கும் வேலை) போட்டுவிட்டு அவள் தூங்கிவிடுவாள். எனக்குத்தான் தூக்கம் வராது. ஒன்பது மணிக்கு மேல் எங்கள் பக்கம் நாய் குரைத்தால்தான் சத்தம். அந்த நிசப்தத்தில் அந்தப் பெட்டியின் விசிறிகள், தொழிற்சாலையில் இலை வாட்டும் விசிறி மாதிரி ஊளையிடும்.

குளிரான ஊரில் விசிறி ஏன் இப்படிக் கத்த வேண்டும்? குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீரே 94 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். பருப்பு வேகாமல் அடுப்படியில் திட்டு வாங்கிய எல்லோருக்கும் இது தெரியும். விசிறி ஒரு சுற்றில் தள்ளும் காற்றின் கன அளவு மாறாது, ஆனால் அந்தக் காற்று மெலிந்த காற்று. சுமக்கும் சூடும் குறைவு. குளிர் கொடுக்கும் லாபத்தில் ஒரு பங்கை உயரம் பிடுங்கிக்கொள்கிறது. அதனால் ‘மலையில் தேவையில்லை’ என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது.

தண்ணீர் குளிர்விக்கிறது என்று நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. அது குளிர்விப்பதில்லை, சுமக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏறுவதற்குள் வாங்கிக்கொள்ளும் சூட்டை எங்கள் ஊர்க் காற்றில் ஏற்ற வேண்டுமானால் 4,000 லிட்டர் காற்றுக்கு மேல் வேண்டும். அவ்வளவு சூட்டையும் பம்ப், வண்டியில் இருப்பது போல சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. அங்கேயும் கடைசியில் அதே மெலிந்த காற்றுதான், அதே விசிறிதான். ஆனால் ரேடியேட்டரின் பரப்பு பெரியது. ஐந்து விசிறிகளை மெதுவாக, காதில் விழாத வேகத்தில் சுற்றவிடலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இப்போது வியர்வைக்கு வருகிறேன். ரேடியேட்டர் அறைக்குள் இருக்கும்வரை, அதில் ஓடும் தண்ணீர் அறைக் காற்றைவிட ஒருநாளும் குளிர முடியாது. காற்றைவிடக் குளிராத பொருள் வியர்க்காது. வெளியே எவ்வளவு மூடுபனி இறங்கினாலும் சரி, சிம்ஸ் பூங்கா கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் சரி, குழாய் வியர்க்காது.

ஆனால் நான் முதலில் போட்ட திட்டத்தில் ரேடியேட்டர் அறைக்குள் இல்லை. 31 வருடம் சுவரில் ஓட்டை போட்டவன் புத்தி வேறு எப்படிப் போகும்? சுவரில் இரண்டு அங்குல ஓட்டை போட்டு, ஆறடிக் குழாய் இழுத்து, ரேடியேட்டரை வெளியே கூரைச் சரிவுக்குக் கீழே மாட்டிவிடலாம், மார்கழிக் குளிர் சும்மா கிடைக்கிறதே என்று காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து வைத்திருந்தேன். மகள் பார்த்துவிட்டு, “அப்பா, இது ஃபேக்டரி பாய்லர் இல்லப்பா” என்றாள். நான் விடவில்லை.

அப்புறம் ஒரு ராத்திரி எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஜன்னல் திண்டில் வெளியே வைத்தேன். விடியற்காலையில் எடுத்துவந்து, இட்லி வெந்துகொண்டிருந்த அடுப்படியில் வைத்தேன். டீ ஆறுவதற்குள் டம்ளர் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், மேடையில் வட்டமாக ஈரம். வேலை நடக்கும்போது தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், கவலையில்லை. ரெண்டரிங் முடிந்து கணினி சும்மா இருக்கும் நேரத்தில்தான் ஆபத்து. அப்போது குழாய்த் தண்ணீர் வெளிக்குளிரை நெருங்கிவிடும். அறைக்குள்ளோ கணப்பு, மூச்சு, அடுப்பு ஆவி. அந்தக் குளிர்ந்த தண்ணீர் நேராகப் பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் செம்புக் கட்டைக்குள் போகும். டம்ளருக்கு நடந்தது அதற்கும் நடக்கும். உங்கள் பதில் சரியாக இருக்கும் ஒரே இடம் இதுதான். (வெளியே மாட்டியிருந்தால் குரங்குகள் எத்தனை நாள் விட்டுவைத்திருக்கும் என்பது தனிக் கதை. கரடி வேறு வருகிறது.)

இன்னொன்றும் உண்டு, ஆனால் அது தண்ணீர்க் குளிரூட்டலுக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. குளிரில் கிடந்த பெட்டியை அதிகாலையில் வண்டியில் ஏற்றி மேட்டுப்பாளையம் இறக்கினால், எந்தக் கணினியும் வியர்க்கும். அங்கே இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதேதான். நாலைந்து மணி நேரம் அப்படியே வைத்திருந்து பிறகு ஸ்விட்ச் போட்டால் போதும்.

ஆக, ரேடியேட்டர் கணினிப் பெட்டியான கேபினெட்டுக்குள்ளேயே வருகிறது. எங்களிடம் இருப்பது பழைய இரும்பு டவர் கேபினெட். இங்கேதான் அளவு விஷயம் வருகிறது. கடையில் ‘360 ரேடியேட்டர்’ என்பார்கள். அந்த 360 மூன்று 120 மில்லிமீட்டர் விசிறிகளின் கணக்கு மட்டும். இரண்டு முனையிலும் இருக்கும் தண்ணீர் அறைகளையும் சேர்த்தால் நீளம் 400 மில்லிமீட்டரை நெருங்கும். தடிமன் 30 என்றால் அதன் மேல் விசிறி இன்னொரு 25. ஆக 55. பெயரை நம்பி அளவெடுத்திருந்தால் எங்கள் கேபினெட்டின் மேல்தகட்டில் அது முன்பக்கம் முட்டியிருக்கும். அதனால் அட்டைப்பெட்டியை வெட்டி 400-க்கு 120-க்கு 55 என்று ஒரு பொய் ரேடியேட்டர் செய்தேன். உள்ளே வைத்துப் பார்த்தால் போர்டின் மேல்முனை மின்கம்பியை இடிக்கிறது. தகட்டை வெட்டிய பிறகு இது தெரிந்திருந்தால் அழுதிருப்பேன். இப்போது 360 முன்பக்கம் நிற்கிறது, இரண்டு விசிறி வைக்கும் 240 மேலே. ஹார்ட் டிஸ்க் மாட்டும் பழைய டிரைவ் கூட்டின் ரிவெட்டுகளை எடுத்தாக வேண்டும், பரவாயில்லை.

நான் எந்தக் குழாய் வரிசை வரைந்தாலும் முதலில் குறிப்பது வடிகாலை. மகள் பார்த்த படங்களில் எல்லாம் வண்ண விளக்கு இருந்தது, வடிகால் இல்லை. ஒரு வருடம் கழித்துத் தண்ணீரை மாற்றும்போது பெட்டியைத் தலைகீழாகவா கவிழ்ப்பது? அடியில் ஒரு சின்ன வால்வு, மேலே ஊற்றும் வாய். தொட்டி கட்டாயம் பம்புக்கு மேலே. இந்தப் பம்புகளுக்குத் தண்ணீர்தான் மசகு எண்ணெய். காய்ந்து ஓடினால் தொலைந்தது. பிராசசருக்கு முதலில் போவதா, கார்டுக்கு முதலில் போவதா என்று மகள் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் 362 வாட்டும் சேர்ந்து தண்ணீரை ஒரு சுற்றில் ஒன்றரை டிகிரிகூட ஏற்றாது. எது முதலில் என்பது ஒரு பொருட்டே இல்லை, குழாய் எப்படி நீளம் குறைவாக வருமோ அப்படிப் போடலாம்.

உலோகத்தில் மட்டும் விளையாடக் கூடாது. கோவையில் ஒரு கடையில், பழைய மூடிய செட்டிலிருந்து (கம்பெனியிலேயே தண்ணீர் அடைத்து வருவது) கழற்றிய அலுமினிய ரேடியேட்டரைக் குறைந்த விலைக்குக் காட்டி, “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றார்கள். ஒன்றில்லை. பிராசசர் மேல் வைப்பது செம்பு. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும், பேட்டரி மாதிரி. மூடிய செட்டில் அரிப்புத் தடுப்பு மருந்து கலந்து வருவதால் சில வருடம் தாக்குப்பிடிக்கும். நாமே கோக்கும் வரிசையில் அந்த நம்பிக்கை வேண்டாம். பழைய ஜீப் ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையுமாக இருந்தன. இப்போது வண்டிகளில் வருவது பெரும்பாலும் அலுமினியம் என்பதால் பட்டறையில் கிடைப்பதை எடுத்து மாட்டலாம் என்ற என் இன்னொரு யோசனையும் போயிற்று. தண்ணீர் டிஸ்டில்ட் வாட்டர்தான். பாசி பிடிக்காமல் இருக்க அதற்கான மருந்து. எங்கள் ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தித்தித்தாலும் குடிப்பதற்கு மட்டும்.

கார்டுக்கு மேல் வைக்கும் கட்டையை வாங்கும் முன் கார்டின் போர்டு எந்த வடிவம் என்று பார்க்க வேண்டும். ஒரே பெயரில் பல கம்பெனிகள் பல வடிவத்தில் போடுகின்றன. இதை மகள் பார்த்துக்கொண்டாள்.

வெட்டும் வேலை என்னுடையது. விசிறித் துளைகளின் இடைவெளி 105 மில்லிமீட்டர். காகிதத்தில் வரைந்து ஒட்டி, சென்டர் பஞ்ச் வைத்துத் தட்டி, பிறகு துளை. அதற்கு முன் போர்டு, மின்சாரம் கொடுக்கும் சப்ளை எல்லாம் வெளியே போயிருக்க வேண்டும்; இரும்புத்தூள் ஒரு துணுக்கு உள்ளே விழுந்தாலும் ஷார்ட் ஆகும். அரத்தால் பிசிறு எடுத்து ரப்பர் விளிம்பு போட வேண்டும். ஸ்குரூ நீளத்தை வெர்னியரில் அளந்துவிட்டுத்தான் முறுக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் விசிறிக்கு 30 மில்லிமீட்டர் ஸ்குரூ சரி. அதே ஸ்குரூவை விசிறி இல்லாமல் தகட்டிலிருந்து நேராக முறுக்கினால் ரேடியேட்டர் குழாயைத் துளைத்துவிடும்.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தகட்டை வெட்டிப் போட்டால் வெட்டுமுனை ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். ஈரக்காற்றில் ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் பால் தெளித்த மாதிரி வெளுத்துப்போகும். இதை நான் என் பைக் டேங்கில் அனுபவித்தவன். அதனால் எங்கள் வெட்டு, பெயிண்ட் எல்லாம் தை பிறந்த பிறகு, வெயில் அடிக்கும் ஒரு பகலில்.

எல்லாம் கோத்த பிறகு சப்ளையை மட்டும் தனியாகப் போட்டு, பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பர். நனைந்தால் உடனே தெரியும். முதல் வாரம் காற்றுக்குமிழி வெளியேற வெளியேறத் தொட்டியில் மட்டம் இறங்கும். நம் மலை ரயில் ஹில்குரோவில் நின்று தண்ணீர் பிடிப்பது போல நாமும் அவ்வப்போது ஊற்றிக்கொள்ள வேண்டும்.

குழாய் விஷயத்தில்தான் வீட்டில் இன்னும் சமாதானம் ஆகவில்லை. அவளுக்குக் கண்ணாடி மாதிரி விறைப்பான குழாய், உள்ளே ஊதா நிறத் தண்ணீர் வேண்டும். நான் கருப்பு ரப்பர் குழாய் என்கிறேன். மங்காது, வளைக்கச் சூட்டுத் துப்பாக்கி வேண்டாம், கழற்றி மாட்டலாம். “பாக்க சைக்கிள் டியூப் மாதிரி இருக்குப்பா” என்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டுமே!

ஆசிரியர் அவர்களே, இவ்வளவும் உங்கள் பக்கத்தில் இடம் பிடிக்காது என்று தெரியும். அந்த ஊட்டி வாசகர் பதிலைப் படித்துவிட்டு ஆசையைக் கைவிட்டிருப்பார், அல்லது என்னைப்போல் சுவரில் ஓட்டை போடக் கிளம்பியிருப்பார். ஒரு வரித் திருத்தம் போடுங்கள்: ரேடியேட்டர் அறைக்குள் இருந்தால் வியர்க்காது, ஜன்னலுக்கு வெளியே மாட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தேயிலைத் தொழிற்சாலை பிட்டர் ஒருவர்,
குன்னூர், நீலகிரி.