மொத்தத்தில் ஒரு நெல் கூடிவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பகுதியில், சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், பிறகு கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக நெல் கேட்ட கதையைப் படித்தேன். கேரளத்து அம்பலப்புழைக் கோயிலின் பால்பாயசத்தோடு சேர்த்துச் சொன்ன விதம் நன்றாக இருந்தது. ஆனால் பெட்டிச் செய்தியில் கொடுத்திருந்த மொத்தத்தில் ஒரு நெல் கூடிவிட்டது. நீங்கள் போட்டிருப்பது 616 என்று முடிகிறது. சரியான விடை 18446744073709551615.

ஒன்றுதானே என்று விட மனம் வரவில்லை, ஏனென்றால் கூட்டிப் பார்க்காமலே இதைப் பிடித்திருக்கலாம். முதல் கட்டத்தில் ஒரே ஒரு நெல், மற்ற 63 கட்டங்களிலும் இரட்டைப்படை. அப்புறம் மொத்தம் எப்படி இரட்டைப்படையாக வரும்? உங்கள் எண், 65-ஆவது கட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் வைக்க வேண்டிய நெல்.

சரி, அது அச்சுப்பிழை என்றே வைத்துக்கொள்வோம். எனக்குள்ள குறை, எல்லோரும் இந்த எண்ணின் பருமனைப் பார்த்து வாய்பிளப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான். காரணிப்படுத்திப் பாருங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537 × 641 × 6700417. முதல் ஐந்தும் ஒரே குடும்பம். 2, 4, 16, 256, 65536 என்று வர்க்கப்படுத்திக்கொண்டே போய் ஒவ்வொன்றோடும் 1 சேர்த்தவை. இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்ணாகவே இருக்கும் என்று நம்பினார் பிரான்ஸின் கணித மேதை பெர்மா. ஆறாவது எண் 4294967297. அது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732-இல் ஆய்லர் என்ற கணித மேதை காட்டிவிட்டார்.

கண்ட எண்ணையெல்லாம் போட்டு வகுக்கத் தேவையில்லை என்பதற்கும் அவரே பிற்பாடு விளக்கம் கொடுத்தார். இதற்குப் பகாக் காரணி ஒன்று இருந்தால், அது 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்து 641. ஐந்தாவது வகுத்தலிலேயே ஆள் அகப்பட்டுவிடுகிறது! பெர்மா ஏன் இதைச் செய்து பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அந்த முதல் ஐந்தை மட்டும் பெருக்கினால் 4294967295. இந்த எண்களுக்கு வடிவியலிலும் வேலை உண்டு. அந்த ஐந்தில் ஒன்றான 17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமான 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் காம்பஸும் மட்டும் கொண்டு வரையலாம் என்று 1796-இல், 19 வயதுகூட நிறையாத ஜெர்மானியக் கணித மேதை காஸ் கண்டுபிடித்தார். ஒற்றைப்படைப் பக்கங்கள் உள்ளவற்றில், அப்படி வரைய முடியும் என்று இதுவரை தெரிந்த மிகப் பெரிய பலகோணத்துக்கு 4294967295 பக்கங்கள். யார் உட்கார்ந்து வரையப்போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

நீங்கள் அச்சிட்ட எண்ணோடு 1 சேர்த்தால் அதே வரிசையின் ஏழாவது எண் வந்துவிடும். அதுவும் பகா எண் அல்ல, 274177-ஆல் வகுபடும். திருத்தம் போடும்போது இதையே பிள்ளைகளுக்கு ஒரு கணக்காகக் கொடுத்துவிடுங்கள். தாளில் நீள்வகுத்தலாகவே போடட்டும். கைப்பேசிக் கணிப்பான்களில் பலவும் 20 இலக்கத்தைக் கண்டால் கடைசி இலக்கங்களை விழுங்கிவிடுகின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
கும்பகோணம்