தயிர் சாதத்தில் வளர்ந்த பூனை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பூனை வளர்ப்புப் பற்றி வந்த கட்டுரையில், பாலும் தயிர் சாதமுமே போதும், கடைத் தீனி வீண் செலவு என்று ஒரு வரி இருந்தது. எத்தனை வீட்டில் அதைப் படித்துத் தலையாட்டினார்களோ. ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் நானும் ஆட்டியிருப்பேன்.

எங்களுக்கு ஸ்ரீரங்கத்தில் மூன்றாவது மாடி. வெங்காயம்கூட நுழையாத வீடு. மழையில் மாடிப்படியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை எடுத்துவந்து சுக்கு என்று பெயர் வைத்தோம். கடுவன். காலையில் பால், மத்தியானம் குழையப் பிசைந்த தயிர் சாதம், ராத்திரி எதிர் வீட்டு நாய்த் தீனியில் ஒரு பிடி. அது பிஸ்கட் மாதிரி இருந்ததால் மனசு ஒப்பியது! இரண்டரை வருஷம் இப்படியே ஓடியது. என் பாட்டி வீட்டுப் பூனைகள் தயிர் சாதம்தானே தின்றன? ஆனால் அவை ராத்திரியெல்லாம் ஓட்டின் மேலும் மாட்டுக் கொட்டகையிலும் எலி, பல்லி, குருவி என்று வேட்டையை முடித்துக்கொண்டுதான் தயிர் சாதத்துக்கு வந்தன என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பால்கனிக்கு வலை அடித்த வீட்டில் சுக்குவுக்கு ஏது எலி?

சமையல் மேடையிலிருந்து ஜன்னலுக்குத் தாவுகிறவன் ஒரு நாள் அரையடி முன்னாலேயே விழுந்தான். மறுநாள் நடையில் கிடந்த துடைப்பத்தில் இடித்துக்கொண்டான். பளீரென்ற வெயிலில் பூனையின் கண்மணி கீற்றாகச் சுருங்க வேண்டும். இவனுக்கு நடுப்பகலிலும் காசு அகலம் விரிந்தே இருந்தது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பாடு போடறீங்க?"

சொன்னேன். விழித்திரை கெட்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். இதயத்தையும் ஸ்கேன் எடுத்தார். நல்லவேளை, அது தப்பியிருந்தது.

டாரின் என்று ஒரு சத்து. கறியிலும் மீனிலும்தான் நிறைய உண்டு. அரிசியில் கிடையாது, பாலில் இருப்பது போதாது. நாய் அதைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். பூனையால் தேவையான அளவுக்கு முடியாது, அதனால் நாய்த் தீனி பூனைக்கு ஆகாது. குறைந்தால் கண் போகும், இதயம் வீங்கித் தளரும். இதயத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 1987-ல்தான் கலிபோர்னியாவில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் கூட இருந்தவர்களும் கண்டுபிடித்தார்களாம். அப்போது கடையில் விற்ற பூனைத் தீனியிலேயே அது போதாமல் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் கூட்டிச் சேர்த்தன.

சரி, இனி கடைத் தீனிதான் என்று தில்லைநகர் போனேன். தொலைபேசி இலாகாவில் கணக்குப் பிரிவில் 31 வருஷம் குப்பை கொட்டியவள், ஒரு பையைப் படிக்கத் தெரியாமல் நின்றேன். ஒரு பாக்கெட்டில் பொடி எழுத்தில் 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்தது. ஏதோ இலவசம் தருகிறார்கள் என்று நினைத்து ஆறு பாக்கெட் வாங்கிவந்தேன். பெண்தான் ஃபோனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, அது துணை உணவு. அதை மட்டுமே போட்டா பத்தாது. 'கம்ப்ளீட்'னு போட்டிருக்கறதைப் பாரு." இலவசத்துக்கான இங்கிலீஷ் வார்த்தைக்கும் துணை உணவு என்பதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இன்னொரு பையில் 'ஆஷ் 8 சதவீதம்'. சாம்பலையா கலக்கிறார்கள் என்று கடைப் பையனிடம் சண்டைக்கே போய்விட்டேன். எரித்தால் மிஞ்சும் தாது உப்பின் அளவாம் அது.

புரதக் கணக்கிலும் ஏமாறலாம். உலர் தீனியில் 30 சதவீதம், குழம்புப் பாக்கெட்டில் 9 சதவீதம் என்று இருந்தால் யாரும் உலர்ந்ததைத்தான் எடுப்பார்கள். ஆனால் குழம்பில் 82 சதவீதம் தண்ணீர். தண்ணீரைக் கழித்தால் மிச்சம் 18-ல் 9, அதாவது சரிபாதி புரதம். உலர்ந்ததில் தண்ணீர் 10 போக 90-க்கு 30, மூன்றில் ஒரு பங்குதான். தண்ணீரும் வீண் இல்லை. பூனை தானாகக் குடிப்பது குறைவு. தண்ணீர் போதாமல் கடுவனுக்குச் சிறுநீர் அடைத்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

வீட்டில் மீன் வாடையா என்று இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தீர்ப்புச் சொன்னது 86 வயது மாமியார். "பூனைக்குப் பஞ்சகச்சம் கட்ட முடியுமாடீ? அது பிறவி அப்படி. போடு." தனிக் கரண்டி, தனிக் கிண்ணம், பால்கனி. பழைய சோற்றை ஒரேயடியாக நிறுத்தாமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். பாக்கெட் கிழிகிற சத்தம் கேட்டால் சுவரை உரசிக்கொண்டே சரியாக வந்துவிடுகிறான். ஜன்னலுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டிருக்கிறோம்.

நான் புரட்டிப் பார்த்த எந்தப் பையிலும் தமிழ் இல்லை. முழு உணவா, துணை உணவா, எந்த வயதுக்கு என்ற இந்த மூன்றையாவது தமிழில் அச்சிட்டால் என்ன? தாங்கள் இதைப் பற்றி எழுத வேண்டும். அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டும். அப்போது, கோழிக்கறி வேகவைத்துப் போடுகிறவர்கள் வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம், டாரின் அதில்தான் இறங்கியிருக்கும் என்பதையும் சேருங்கள். சாம்பார் சாதம் போடுகிறவர்களுக்கும் ஒரு வரி: வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். சுக்கு அது ஒன்றில் மட்டும் எங்கள் ஆசாரத்தால் பிழைத்தான்.

இப்படிக்கு,
வாசகி, ஸ்ரீரங்கம்