சுவரைவிடக் கண்ணாடி அதிகம்

ஆசிரியருக்கு வணக்கம். இங்கிலாந்தின் பழைய மாளிகைகள் பற்றிய கட்டுரையில் டார்பிஷயரின் ஹார்ட்விக் ஹாலுக்கு ஒரே வரிதானா? மனம் ஆறவில்லை. கண்ணாடி விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், நான்கு முறை மணந்து, அறுபதைத் தாண்டிய பெஸ் என்ற பெண்மணி 1590-இல் கட்டத் தொடங்கிய வீடு அது. ராபர்ட் ஸ்மித்சன் வடிவமைத்தது. புகைபோக்கிகளை வெளிச்சுவரில் வைக்காமல் உள்சுவர்களுக்குள் கொண்டுபோனதால்தான் அவ்வளவு பெரிய ஜன்னல்களை வைக்க முடிந்திருக்கிறது, அதுவும் மாடி ஏற ஏற ஜன்னல்களின் உயரமும் கூடிக்கொண்டே போகும், ஏனென்றால் விருந்தினரை வரவேற்கும் பெரிய கூடங்கள் எல்லாம் மேலேதான். அப்புறம், கோபுர உச்சிகளில் பெஸ்ஸின் பெயரெழுத்துகள் கல்லில் நிற்கின்றன. பெரும்பாலும் ஆண்களின் பெயரே நின்ற காலம் அது!

1959 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு இதைப் பாதுகாக்கிறது. பைபிளில் வரும் கிதியோனின் கதையைச் சித்திரமாக நெய்த, அங்குள்ள 13 சுவர்த் திரைச்சீலைகளைச் செப்பனிட மட்டும் 24 ஆண்டுகள் ஆயின, 2023-இல்தான் முடிந்தது. அந்தப் பொறுமையைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம், தயவுசெய்து வெளியிடுங்கள்.

— ஒரு வாசகர்